உயிரோடு இறங்கிய ராணிகள்

தகப்பனின் உடலுக்கு வேட்டி கட்டிக்கொண்டிருந்த இராகுலனுக்குப் பந்தலில் நடந்த கதை யன்னலால் கேட்டது. செத்தவரை விட்டுவிட்டு நெதர்லாந்து ராணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செத்துப்போன வலைக்கடை அருளம்பலத்தாரை வேறு எப்படி நினைப்பது? கோட்டை பார்க்க வந்து, கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஒல்லாந்துக் கிழவர் ஒருவரிடமிருந்து தொற்றிய பைத்தியம் அது. அதன்பின் அந்தத் துறைமுகத் தெருவில் அவரிடம் வலையோ கயிறோ வாங்கிய எவரும் நெதர்லாந்து அரச குடும்பத்தின் வரலாற்றைக் கேட்காமல் தப்பியதில்லை. வள்ளமும் வலையும் வைத்திருக்கும் இறக்கக்கண்டிச் சம்மாட்டிமாருக்குச் சொந்தப் பூட்டன் பெயர் தெரியாது. வில்ஹெல்மினா, யூலியானா, பெயாட்ரிக்ஸ் என்று மூன்று ராணிகளையும் வரிசை பிசகாமல் சொல்வார்கள்.

"மூண்டு பேரும் உயிரோட இருக்கேக்கையே முடியைப் பிள்ளையளிட்டக் குடுத்திட்டு இறங்கினவை," என்று முடிப்பார் அவர். "அதெல்லோ பெருந்தன்மை."

அதைக் காசு மேசைக்குப் பின்னால் தன் கதிரையில் இருந்துகொண்டே சொல்வார். தலை நரைக்கத் தொடங்கிய இராகுலன் பக்கத்தில் நின்று கயிறு அளந்துகொண்டிருப்பான். காய்ச்சலில் கிடந்தாலும் கடையைப் பூட்டச் சொல்வாரே தவிர, நீ இந்தக் கதிரையில் இரு என்று அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஊருக்குத்தான் உபதேசம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவன் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான். அவர் சொல்லாமலே போய்விட்டார். அந்தக் கோபத்தில் அவனுக்கு அழுகைகூட வரவில்லை.

பக்கத்துக் கடை ஸெய்னுதீன் நானா உள்ளே வந்து சால்வையின் மறு நுனியைப் பிடித்தார்.

"நானும் ஒருக்காக் கேட்டன், தம்பி," என்றார் மெதுவாக. "அண்ணே, ராணிமார் குடுத்திட்டாங்க, நீங்க எப்ப மகனுக்குக் குடுக்கப் போறீங்க எண்டு."

இராகுலனின் கை நின்றது. "அப்பா என்ன சொன்னவர், நானா?"

"அவையளுக்கு இறங்கிப் போயிருக்க வேற மாளிகை இருக்கு, எனக்குக் கடையை விட்டா எங்க போய் இருக்கிறது எண்டார்."

இராகுலன் சால்வையை மடித்தான். சரிவரவில்லை. பிரித்துத் திரும்பவும் மடித்தான். அப்பாவுக்குப் பயமாக இருந்திருக்கிறது. இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்றும் அது அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

வியாபாரியின் பிரேதம் சுடலைக்குப் போகும் வழியில் அவர் கடை வாசலில் ஒருதரம் நிற்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் முறை. மற்றக் கடைகள் கதவைப் பாதி இறக்கும். செத்தவரின் கடை மட்டும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பின்னேரம் வண்டி வந்து நின்றதும், இராகுலன் ஈர வேட்டியோடு தெருக் கதவை உயர்த்தினான். உள்ளே போய்க் கடற்பக்கக் கதவையும் திறந்துவிட்டான். வெளியே பெட்டியைக் கடைக்கு நேராகத் திருப்பினார்கள்.

அப்போதுதான் தோணியை விட்டு இறங்கிய கிண்ணியாக்காரர் ஒருவர், தெருவில் நடப்பது தெரியாமல், கடற்பக்கக் கதவால் அவசரமாக உள்ளே வந்தார்.

"முதலாளி, நைலோன் கயிறு இரிக்கா?"

இருக்கு என்று சொல்ல வாயெடுத்த இராகுலன், பழக்கத்தில், வாசலில் கிடந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.