பாஞ்சாலியின் பருமன்

என் கொழுந்தன் பெண்டாட்டி பாஞ்சாலி ஊதிக்கொண்டே போனாள். சாப்பிடுவதோ அரை வயிற்றுக் கேப்பைக் கூழ். அதையும் எங்கள் மாமியார் கெங்கம்மாள் விட்டுவைக்கவில்லை. "மல்லாட்டை மூட்டையாட்டம் தின்னு தின்னு உக்காந்துகினு கீறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அதே வீட்டில் மாமனாருக்கும் தொந்திதான். அதற்குப் பெயர் லட்சுமி கடாட்சம்!

ஐம்பத்தெட்டாம் வருஷம் பாஞ்சாலிக்கு மாதவிலக்கு நின்றது. கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளையில்லாதவள். கெங்கம்மாள் ஒரே நாளில் மாறிவிட்டாள். நெய்யும் முட்டையும் ஊட்டினாள். ஏழாம் மாதம் ஊரைக் கூட்டி வளையல் அடுக்கினாள். பாஞ்சாலி அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

பத்து மாதம் தாண்டியும் வலி வரவில்லை. நான்தான் திண்டிவனத்தில் பஸ் பிடித்து விழுப்புரத்து லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயிற்றைப் பார்த்து முடித்த பிறகும் அந்த அம்மாள் விடவில்லை. நாடி பிடித்தார், வறண்ட தோலைத் தடவினார், புருவ ஓரத்தில் முடி உதிர்ந்திருந்ததைப் பார்த்தார், பேசச் சொல்லிக் கரகரத்த குரலைக் கேட்டார்.

"புள்ள இல்லம்மா. தின்னு வர்ற பருமன் வேற, இது வேற. கழுத்துல இருக்கிற சுரப்பி வேலை செய்யல. மாத்திரையை விடாம சாப்பிட்டா உடம்பு வத்தும். அப்புறம் புள்ளையும் பொறக்கலாம். விட்டா உசிருக்கே ஆபத்து."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாஞ்சாலி வழியெல்லாம் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"மாத்திரை தின்னா வத்திப் பூடுமாம்க்கா. வத்தறது இன்னா, எம் புள்ளதான? வளையல் போட்டுக்கினு நானே கரைச்சிட்டேன்னு ஊரு சொல்லும்."

"பைத்தியமே, உள்ள ஒண்ணுமில்லடி!"

"ராவெல்லாம் அசையுதுக்கா. உனக்கு இன்னா தெரியும்?"

கெஞ்சினேன், திட்டினேன், மாத்திரையைக் கூழில் கரைத்தும் கொடுத்துப் பார்த்தேன். கண்டுபிடித்துத் துப்பிவிட்டாள். அந்த மார்கழிக் குளிரில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

வாயும் வயிறுமாகச் செத்தவளுக்கு எங்கள் பக்கம் சுமைதாங்கி நடுவார்கள். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க ரோட்டோரம் ஒரு கல். டாக்டர் சொன்னதைத் தொண்டை கிழியக் கத்தினேன். என் வீட்டுக்காரரே வந்து என் வாயைப் பொத்தினார். மயிலம் போகும் ரோட்டில் கல்லை நட்டுவிட்டு, "எம் பேரப்புள்ள போச்சே" என்று கெங்கம்மாள் மாரடித்துக்கொண்டு அழுதாள். பாஞ்சாலிக்காக அழ அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.