நடுவில் விட்ட இடம்

இந்தக் கறுப்பன் யாருக்காக இவ்வளவு இடம் விடுகிறான்?

சவுரியம்மாள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கே ஆளும் இல்லை. லாரியின் பின்புறத்தில் அவளும் இரண்டு குதிரைகளும்தான் இருந்தார்கள். வலப்பக்கம் அவளுடைய பெட்டைக் குதிரை சிட்டு. இடப்பக்கம் ராயப்பனின் கறுப்புக் குதிரை. அவள் இரண்டின் முகத்துக்கும் முன்னால், மூலையில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஞானராஜும் ராயப்பனும் முன்னால் டிரைவர் சக்கரபாணியோடு இருந்தார்கள்.

விக்கிரவாண்டி தாண்டியிருந்தது. வைகாசி வெயில். சாலையோரப் புளியமரங்களின் நிழல் ஒவ்வொன்றாக லாரிக்குள் விழுந்து, குதிரைகளின் முதுகில் ஊர்ந்து, பின்பக்கமாக இறங்கிப் போயிற்று.

அன்று காலைதான் இரண்டு குதிரைகளும் ஒன்றையொன்று முதன்முதலாகப் பார்த்திருந்தன. அப்படிப்பட்டவற்றைச் சேர்த்து ஏற்றினால் கடிக்கும், உதைக்கும், லாரிப் பலகையைப் பெயர்க்கும். செத்துப்போன புருஷன் ஜட்கா ஓட்டிய எட்டு வருஷத்தில் அவளுக்கு அது தெரியும். ராயப்பன் திண்டிவனத்தில் குதிரை வாங்கி விற்கிறவன். அதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. விழுப்புரத்தில் ஏற்றுவதற்கு முன் சீட்டுக்கு அடியிலிருந்து வெளிறிய பச்சைத் துணி ஒன்றை எடுத்தான். கறுப்பனின் நெஞ்சு வேர்வையை அதில் துடைத்து, சிட்டுவின் மூக்கில் தேய்த்தான். பிறகு சிட்டுவின் கழுத்தைத் துடைத்து, கறுப்பனின் மூக்கில் தேய்த்தான்.

“ஒண்ணோட வாடைய இன்னொண்ணு மேல ஏத்திட்டா போதும். சொந்தம்னு நெனச்சிக்கினு கம்முனு வரும்” என்றான்.

“எங்க சவுரிக்கும் அப்பிடி எதுனா தேச்சிப் பாருங்க மச்சான். ஊட்ல எம்பொண்டாட்டிய தெனம் கடிக்குது” என்றான் ஞானராஜ். எல்லோரும் சிரித்தார்கள். சவுரியம்மாளும் சிரித்து வைத்தாள்.

கறுப்பன் மட்டும் துணியை விடவில்லை. உதட்டால் பற்றிக்கொண்டு நின்றான். ராயப்பன் பிடுங்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவனை யாரும் இழுக்கவில்லை. தானாகவே சரிவுப் பலகையில் ஏறி, இடப்பக்கப் பலகையை ஒட்டி ஒதுங்கி நின்றுகொண்டான்.

அந்த இடைவெளி ஓர் ஆள் நிற்கும் அகலம். அதற்கு மேலும் இல்லை, குறைவும் இல்லை. லாரி ஒரு பக்கம் சாயும்போது அவன் சரிந்து சிட்டுவின் மேல் விழ வேண்டும். விழவில்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டான். தொடைச் சதை நடுங்கியது. ஆனாலும் நடுவில் ஓர் அடி வைக்கவில்லை.

பயந்த குதிரை இப்படி நிற்காது என்று நினைத்தாள். இது மரியாதை.

நினைத்த உடனேயே அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. அவள் வேறு எதையாவது நினைக்க முயன்றாள். கோயிலில் கலியாண ஓலை இரண்டு முறை வாசித்தாயிற்று. மூன்றாவது வரும் ஞாயிறு. அதன் பிறகு ராயப்பனோடு கலியாணம். சிட்டுவை முன்கூட்டியே அவன் வீட்டில் விட்டுவரத்தான் இந்தப் பயணம். அண்ணி தட்டை வைக்கிற சத்தத்தை இனிக் கேட்க வேண்டாம். பெண் பார்க்க வந்த அன்று ராயப்பன் முதலில் சிட்டுவின் குளம்பைத் தூக்கிப் பார்த்தான். பிறகு சவுரியம்மாளின் கைகளைப் பார்த்தான். “குதிரைக்குப் பழகின கை” என்றான். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் உண்டு, தாலி இல்லாத கழுத்தைப் பார்த்தவர்கள் உண்டு. கையைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூன்று வாரமாக அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள், படுத்தாள்.

கறுப்பன் தலையைத் திருப்பினான். நடுவில், ஒரு பெண்ணின் தோள் இருக்கும் உயரத்தில், காற்றை உதட்டால் மெல்ல மென்றான். கொள்ளு கேட்கிற குதிரை அப்படித்தான் தோள் துணியை மெல்லும்.

சிட்டுவும் திரும்பினாள். அந்நியர் கை பட்டாலே காதை மடக்குகிறவள், கழுத்தை நீட்டி அந்த வெற்றிடத்துக்குக் கொடுத்தாள். கண்கள் பாதி மூடின. கீழுதடு தொங்கியது. காதுக்குப் பின்னால் தடவிக் கொடுக்கும்போது மட்டும்தான் அவள் அப்படிச் செய்வாள்.

சவுரியம்மாளின் இரண்டு கைகளும் அவள் மடியில் இருந்தன. அவள் குனிந்து அவற்றைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

“சிட்டு” என்றாள். குதிரை கண்ணைத் திறக்கவில்லை.

எழுந்து அதன் மூக்கை முகர்ந்து பார்த்தாள். வேர்வை நாற்றம். அதற்கு அடியில் தேங்காயெண்ணெய், பெண்ணின் தலையில் ஊறிப் பழசான வாடை. அந்தப் பச்சைத் துணி ஒரு சேலையின் கிழிசல்.

கூட்டேரிப்பட்டில் லாரி நின்றது. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ராயப்பனும் ஞானராஜும் டீக்கடைக்குப் போனார்கள். குதிரைகளுக்கு ஒரு வாளித் தண்ணீரோடு பின்பலகையில் ஏறிய சக்கரபாணி, பாதியில் அப்படியே நின்றான்.

“இன்னும் எடம் உட்டுக்கினுதான் நிக்கிதா இது?”

“யாருக்கு எடம்?”

“லூர்துமேரி அம்மாவுக்கு. ராயப்பண்ணன் மொத சம்சாரம். புதுக் குதிர ஏத்தினா அதுதான் நடுவுல நிக்கும். இந்தக் கையில ஒரு கயிறு, அந்தக் கையில ஒரு கயிறு. எப்பேர்ப்பட்ட முரடும் கம்முனு வரும்.”

“காய்ச்சல்ல போய்ட்டாங்கன்னு எங்க அண்ணன் சொல்லிச்சே.”

சக்கரபாணி வாளியைக் கீழே வைத்தான். தண்ணீர் தளும்பி அவன் காலில் கொட்டியது.

“காய்ச்சலா? எனக்குத் தெரியாதும்மா, இன்னா சொன்னாங்களோ.” ஈரக் காலைக் கோணிப்பையில் துடைத்துக்கொண்டு, “எரும குறுக்க பூந்திச்சி. பிரேக்கு போட்டேன். ரெண்டு குதிரையும் ஒண்ணா சேந்திடிச்சி. இதே வண்டிதான். ஒரு சத்தம் கூட வரலம்மா. திண்டிவனம் வந்து பலகைய எறக்கினப்பதான் பாத்தோம். கயிறு ரெண்டும் அப்பகூட கையிலதான் இருந்திச்சி” என்றான்.

ராயப்பன் டீ குடித்த வாயைத் துண்டால் துடைத்தபடி வந்தான். குதிரைகள் நின்ற விதத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை என்பதைச் சவுரியம்மாள் கவனித்தாள்.

“இங்கேர்ந்து ரோடு மோசம். பாலம் கட்டிக்கினு இருக்கான். இப்பிடித் தனித்தனியா நின்னா குலுக்கல்ல பெட்டை கால ஒடச்சிக்கும். நீ நடுவுல போயி நில்லு சவுரி. கயித்த ரெண்டு கையிலயும் புடிச்சிக்க.”

“அந்தத் துணி யாருதுங்க?”

“பழந்துணி. அதுக்கின்னா இப்ப?”

“அவங்க எப்பிடிச் செத்தாங்க?”

ராயப்பன் சக்கரபாணியைப் பார்த்தான். சக்கரபாணி காலியாகாத வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

“நடந்தது நடந்து போச்சி. இனிமே ஒவ்வொரு வாட்டியும் நீதான கூட வரப்போற? இன்னிக்கே பழகிக்க” என்றான் ராயப்பன். குரலில் கோபம் இல்லை. ஒரு வேலையை எடுத்துச் சொல்கிறவனின் குரல். பேசும்போது அவன் அவளுடைய கைகளைப் பார்த்தான். பெண் பார்க்க வந்த அன்று பார்த்த அதே பார்வைதான். அதில் எதுவும் மாறியிருக்கவில்லை. மூன்று வாரமும் அதை அவள்தான் வேறொன்றாகப் படித்திருந்தாள்.

“நில்லேன் சவுரி. அர மணி நேரம்தான? பேஜாரு பண்ணாத” என்றான் பின்னாலேயே வந்து நின்ற ஞானராஜ்.

கறுப்பன் பலகையோடு இன்னும் நெருங்கி நின்றான். நடுவில் இருந்த இடம் இன்னும் கொஞ்சம் அகலமானது. இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம்.

“இதுக்கே யோசிச்சா எங்கூட எப்பிடிக் குடும்பம் பண்ணுவ?” என்றான் ராயப்பன். “ஜல்தி. நேரமாவுது.”

ராயப்பன் வீட்டில் தனக்குக் காலியாக இருக்கும் இடம் இது ஒன்றுதான் என்று சவுரியம்மாளுக்குத் தெரிந்தது. இதில் நிற்காவிட்டால் திண்டிவனம் இல்லை. அண்ணன் வீட்டுச் சமையலறைதான். இரண்டையும் அவள் ஒரு கணம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

சிட்டுவின் கழுத்தில் கை வைத்தாள். தோல் சிலிர்த்தது. குதிரை கண்ணைத் திறந்தது. அவள் கம்பியிலிருந்து அதன் கயிற்றை அவிழ்த்தாள்.

“பலகைய எறக்குங்க. அதுல நான் நிக்கலீங்க” என்றாள்.