ஆடியில் நின்ற கார்

ஆனி மாதக் கடைசியில் அந்த வெள்ளைக் கார் மயிலாப்பூர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நாளே ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புது வண்டியைத் தெருவில் இறக்குகிற வழக்கமில்லை என்று ஸ்ரீரங்கன் சொல்லிவிட்டார். சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காய்வதற்குள் கார் உறைக்குள் போய்விட்டது.

அவர் மனைவி வேம்புவுக்குத்தான் ஏமாற்றம் தாங்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் அடையாறில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எல் போர்டு மாட்டிய பழைய சின்னக் காரில் பழகி, லைசென்ஸும் வாங்கியிருந்தாள். இந்த வண்டியைத் தானே ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அப்போது வேறு ஆசையே இல்லை. வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள். ஆவணி பிறக்கட்டும் என்றார். அதற்கு மேல் பேச்சை வளர்க்கவிடவில்லை.

வண்டியை அவர் கவனிக்காமல் விட்டாரா என்றால் அதுவும் இல்லை. தினமும் காலையில் சந்தியாவந்தனம் முடிந்ததும், நெற்றியில் நாமம் காயாமலே வந்து உறையை விலக்குவார். சாவியைத் திருகுவார். விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, வைப்பர் ஆடுகிறதா, ஏ.சி. குளிர்கிறதா, டேப் பாடுகிறதா என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். இரண்டு நிமிஷம் ஆனதும் அணைத்துவிட்டு, பானெட்டின் மேல் ஒரு பூவை வைத்து மூடிவிட்டு, பாங்குக்குப் பஸ்ஸில் கிளம்பிப் போவார்.

வண்டியோடு கொடுத்த புத்தகத்தை வேம்பு பொழுது போகாமல் முழுக்கப் படித்திருந்தாள். இப்படிச் சும்மா சும்மா ஸ்டார்ட் செய்து அணைக்கக் கூடாது என்று அதில் போட்டிருப்பதை ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். இத்தனை வருஷம் அம்பாசிடரைக் கட்டி மேய்த்தவனுக்குப் புத்தகம் வேறா என்று அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

மூன்றாவது ஆடி வெள்ளியன்று சாவியைத் திருகியபோது டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மறுபடி திருகினார். அந்த டிக்கும் வரவில்லை. பாங்குக்கு லீவு சொல்லிவிட்டு, பழைய அம்பாசிடரைப் பார்த்துக்கொண்டிருந்த மந்தைவெளி மெக்கானிக் அசோகனுக்குப் போன் பண்ணினார்.

அசோகன் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தார். வண்டி எத்தனை நாளாக நிற்கிறது, காற்று பார்த்தீர்களா, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார். தினமும் காலையில் நடக்கும் சமாசாரத்தை ஸ்ரீரங்கன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அசோகன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

“சார், பேட்டரிய ஊறுகா ஜாடி மாதிரி டெய்லி தொறந்து வழிச்சிக்கினே இருந்துகீறீங்க. போட்டு வைக்கவே இல்ல. அப்புறம் உள்ள இன்னா கீது?”

வண்டி கிளம்புவதற்குத்தான் பேட்டரியிலிருந்து நிறையச் செலவாகிறது, ஓடினால்தான் அது திரும்பச் சேரும், அதிலும் விளக்கும் ஏ.சி.யும் சேர்ந்தால் மிச்சம் எங்கே இருக்கும் என்று பிறகு நிதானமாக விளக்கினார். ஒரே இடத்தில் நின்றால் டயருக்கும் ஆகாதாம். பேச்சோடு பேச்சாக ஒயர் மாட்டி என்ஜினை உயிர்ப்பித்துவிட்டார்.

“ஆஃப் பண்ணாம அரமணி நேரம் ஓட்டிக்கினு வாங்க. வழியில நின்னுட்டா சாவிய முறுக்காதீங்க. செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளுங்க, புடிச்சுக்கும்.”

மந்தைவெளியில் இன்னொரு வண்டி காத்திருக்கிறது என்று அவர் போய்விட்டார்.

ஸ்ரீரங்கன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அம்பாசிடரில் கியர் இருந்த இடத்தில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், அவர் இடது கை காற்றைத் துழாவியது. பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவே நிற்கும் கியர்க் கம்பியின் மேல் வந்து, சுட்டுவிட்டது போல விலகியது. ஜன்னல் பக்கம் நின்ற வேம்பு அதைப் பார்த்துவிட்டாள். இத்தனை நாளும் ஆடி தடுக்கவில்லை, பயம்தான் தடுத்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கோபம் வர வேண்டிய இடத்தில் பாவமாக இருந்தது.

கோவில் கூட்டமாக இருக்கும், நாளைக்குப் பார்க்கலாமே என்றார் அவர்.

“அணைச்சா மறுபடி அசோகனைத்தான் கூப்பிடணும். ஏண்ணா, அந்தப் பக்கம் நகந்து உக்காந்துக்கோங்கோ. நான் எடுக்கறேன்.”

“ஆடி வெள்ளிக்கிழமைடி, வேம்பு.”

“அம்மனைப் பாக்க ஊரே தெருவுலதான் போயிண்டிருக்கு.”

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இறங்கி மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

கூழ் வாங்க நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேம்பு கச்சேரி ரோட்டைத் தாண்டினாள். லஸ் கார்னரில் ஒரு பஸ் உரசுவது போல வந்தபோது ஸ்ரீரங்கன் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மந்தைவெளி வந்தது. சிக்னல் பச்சையானதும் அவள் கிளட்சைப் பட்டென்று விட்டுவிட, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோயிற்று.

பின்னால் ஹாரன்கள் அலறின. அவள் கை தானாகவே சாவிக்குப் போய், நினைவு வந்து திரும்பியது. இனி இந்த ஜன்மத்தில் சாவியைத் தொட விட மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்ரீரங்கனோ இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் போனார். ஓர் ஆட்டோக்காரர் தன் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு அவரோடு தோள் கொடுத்தார்.

“இன்னா சாமி, புது வண்டி வாங்கித் தள்ளிக்கினு போற? பெட்ரோலு மிச்சமா?”

வேம்பு இரண்டாவது கியரைப் போட்டாள். வண்டி உருண்டு வேகம் பிடித்ததும் கிளட்சிலிருந்து காலை மெல்ல எடுத்தாள். என்ஜின் பற்றிக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடுமோ என்ற பயத்தில் நிழலுள்ள மரம் ஒன்று வரும்வரை போய்விட்டாள். கண்ணாடியில் பார்த்தால், பாங்க் அதிகாரி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வீட்டுக்குத் திருப்பு என்று சொல்லத்தான் போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

“அந்த செகண்ட் கியரை எப்படிப் போட்டே? பின்னாடி இருந்ததுல நான் பாக்கல.”

அவள் கிளட்சை மிதித்துக்கொண்டு மெதுவாகப் போட்டுக் காட்டினாள். அவர் தயங்கித் தயங்கித் தன் கையையும் கியர் மேல், அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“திருவான்மியூர் டெர்மினஸுக்கு அந்தண்டை காலி ரோடு இருக்குமோல்லியோ?” என்றார் எங்கோ பார்த்துக்கொண்டு. “அங்கே போ. எனக்குக் கொஞ்சம் பழக்கிக் குடு.”

அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது காற்று நன்றாக அடித்தது. வேம்பு மூன்றாவது கியருக்கு மாற்றினாள்.