பன்னிரண்டு சுண்டெலிகளும் ஒரு வெள்ளைக் காரும்

காரின் முன்விளக்கு வயரைத் தின்ற இரண்டு சுண்டெலிகள் கண்களில் வெளிச்சம் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தது ஒரு வியாழக்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு. அன்று தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. பால் வாங்கப் போனவர்கள், வேலை முடிந்து திரும்பியவர்கள் என்று ஒன்பது பேர் அதைப் பார்த்தார்கள். ஒன்பது பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். எதிரே விளக்கோடு ஏதாவது வந்தால் ஒதுங்குவதுதானே முறை. பின்னாலேயே வந்த மூன்றாவது எலி, மூலைக்கடையில் இடப்பக்கம் திரும்பும் முன் இடது காதோரம் மூன்று முறை மஞ்சளாக மினுக்கிவிட்டுத் திரும்பியது. அந்தத் தெருவில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிய முதல் ஆள் அதுதான் என்பதையும் இங்கே பதிந்துவைக்க வேண்டும்.

வயர் நிதானத்தின் காருடையது. நிதானம் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல், வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் வேலையிலிருந்து இறங்கியதற்காகப் பணிமனை கொடுத்த பெயர். அவருடைய பஸ்ஸில் ஏறியவர்கள் தாமதமாகப் போனார்கள், ஆனால் முழுசாகப் போனார்கள். அவர் மனைவி தையல்காரி. அவளுக்கு பஸ் ஆகாது. டீசல் வாடை மூக்கில் ஏறினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். பஸ் ஓட்டுநருக்கு இப்படி ஒரு மனைவி வாய்த்ததைப் பற்றிச் சிரிக்க வேண்டியவர்கள் எல்லாரும் சிரித்து முடித்தாகிவிட்டது. முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி அவளுடைய அக்கா இருந்தாள். மாதம் தவறாமல் அக்காதான் வந்துபோய்க்கொண்டிருந்தாள், முழங்கால் இரண்டும் தேயும்வரை. அதற்குப் பிறகு அக்காவால் வாசற்படி இறங்க முடியவில்லை, தங்கையால் பஸ் படி ஏற முடியவில்லை. ஓய்வு பெற்ற மாதமே நிதானம் ஒரு வெள்ளைக் கார் வாங்கி வீட்டுப் பக்கவாட்டில் நிறுத்தி, "எலி வளையானாலும் தனி வளை. வர்ற ஞாயித்துக்கிழம உங்க அக்கா வீட்டு வாசல்ல கொண்டுபோய் இறக்குறேன் பாரு" என்று மனைவியிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு வருஷம் வரவில்லை. முதல் ஞாயிறு மழை, சேறு படும் என்றார். அடுத்த ஞாயிறு வெயில், பெயின்ட் வெளுக்கும் என்றார். மூன்றாவது ஞாயிறு மழையுமில்லை வெயிலுமில்லை. அப்படிப்பட்ட நாளில்தான் ஊரே வண்டியை எடுக்கும், எவனாவது வந்து உரசிவிடுவான் என்றார். பஸ் பணிமனையுடையது, அதைத் தெம்பாக ஓட்டினார். கார் சொந்தக் கார், அதை எடுக்கவே பயந்தார். கெட்டித் துணியில் மனைவியை ஒரு உறை தைக்கச் சொல்லிக் காரைப் பொத்திப் பொத்தி வைத்தார். ஆனாலும் கார் வாங்கியும் ஏறாமல் இருந்தால் நாலு பேர் சிரிப்பார்களே என்று ஞாயிறுதோறும் பத்து மணிக்கு உறையை விலக்கி, இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்துவிட்டு, இருவரும் முன் இருக்கையில் உட்கார்ந்து வேர்க்கடலையும் பிஸ்கட்டும் தின்பார்கள். கண்ணாடி வழியே எதிர்ச்சுவர் தெரியும். "எப்படி, சொகுசா இருக்கா?" என்பார் அவர். "ஆகா, சுவரு நல்லாத் தெரியுது" என்பாள் அவள். பதினோரு மணிக்கு உறையை மூடிவிட்டு உள்ளே வந்து, பயணக் களைப்பு தீரக் கை கால் கழுவுவார்கள்.

சூடான இன்ஜின், இருக்கைக்கடியில் கடலைத் தோல், மேலே காற்றுப் புகாத உறை. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறைதான். சுண்டெலிகள் குடும்பத்தோடு வந்து காற்று வடிகட்டிக்குள் கூடு கட்டின. கடலை தீர்ந்த வாரநாட்களில் வயரைக் கடித்தன. எந்த எலி எந்த வயரைத் தின்றதோ அந்த வயரின் வேலை அதனிடம் போய்ச் சேர்ந்தது. முன்விளக்குக்கு இரண்டு, திரும்பும் விளக்குகளுக்கு நான்கு, நின்றால் வால் சிவக்கும் பிரேக் எலிகள் இரண்டு. ஹாரன் வயர் ஒரு குண்டு எலிக்குக் கிடைத்தது. அது கொட்டாவி விட்டால்கூடத் தெருவே ஒதுங்கியது. வைப்பர் வயரைத் தின்றதற்கு மழை வந்தால் வால் இடமும் வலமும் ஆடும். ரேடியோ வயரைத் தின்றதன் வயிற்றில் காலை ஏழு மணிக்குச் செய்தி கேட்கும், அது தூங்கிக்கொண்டிருந்தாலும். ஸ்டார்ட்டர் வயரைத் தின்றது ஒரு நரைத்த கிழட்டு எலி. தும்மும்போதெல்லாம் உடம்பு முழுக்க டுர்ரென்று உதறி எழும். மொத்தம் பன்னிரண்டு. காரில் மிச்சமிருந்தது காரின் உருவம் மட்டும்தான்.

நிதானம் சும்மா இருக்கவில்லை. அந்துருண்டை வைத்தார், அதை எலிகள் உருட்டி விளையாடின. புதினா எண்ணெய் தெளித்தார், கார் மணத்தது, எலிகளும் மணத்தன. மிளகாய்த்தூள் தூவியதில் இரண்டு நாள் தும்மியவர் அவர்தான். பொறி வைத்தார். முன்விளக்கு எலிகள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, பொறியைச் சுற்றிக்கொண்டு போயின. கடன் வாங்கி வந்த பூனை ஒரு மணி நேரம் பானெட்டின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பிறகு குண்டு எலி பின்னால் போய் ஒரு ஹாரன் அடித்தது. பூனை அடுத்த ஊரில் பத்திரமாக இருப்பதாகத் தகவல். மெக்கானிக் மூன்று தடவை வயரிங் முழுவதையும் மாற்றி, கீழ்ப்பக்கம் கம்பி வலை அடித்தார். மூன்று தடவையும் அதே பன்னிரண்டு எலிகள் அவரவர் வயரை அவரவர் தின்று இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

மெக்கானிக் கடைசியாகப் பானெட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார். "அண்ணே, நிக்கிற வண்டியிலதான் எலி குடியிருக்கும். ஓடுற வண்டியில தங்காது. எடுத்து ஓட்டுங்க, வேற மருந்தே கிடையாது."

"ஓட்டலாம்தான். ஸ்டார்ட் ஆகணுமே."

"அந்த நரைச்ச எலிய உள்ள உக்கார வச்சா ஆகும்."

"வண்டி ஓடுனா அது குதிச்சிடும்னு நீதானப்பா இப்ப சொன்ன?"

மெக்கானிக் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். எலி இருந்தால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் எலி இருக்காது. "இது என் படிப்புக்கு மேலண்ணே" என்று ஒப்புக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். உள்ளூர நிதானத்துக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. இனி கீறல் விழாது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டதைத் தையல்காரி கவனித்தாள்.

மறுநாள் அக்காவின் போன் வந்தது. வழக்கம்போல் கால்வலி, விலைவாசி எல்லாம் பேசிவிட்டு, வைக்கும் முன் அக்கா சொன்னாள், "ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. உன் குரலு டக்குனு ஞாபகத்துக்கு வந்துருதுடி. உன் மூஞ்சிதான் இப்பல்லாம் யோசிச்சாத்தான் வருது." தையல்காரி சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழுதாள். நாலு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக்குப் போய், கார் உறையை நடுவில் வைத்து வெட்டினாள்.

"ஐயையோ, என்ன பண்றே? நல்ல துணி!" என்று நிதானம் ஓடிவந்தார்.

"நல்ல துணிங்கிறதாலதான் வெட்டுறேன். தள்ளுங்க."

கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்து, பன்னிரண்டு எலிகளுக்கும் வரிசையாக அளவெடுத்தாள். நெஞ்சு, இடுப்பு, கழுத்திலிருந்து வால் வரை. குண்டு எலிக்கு ஹாரன் அடிக்க இடம் வேண்டும் என்று அரை அங்குலம் தளர்வு விட்டாள். கிழட்டு எலிக்கு உள்ளே பஞ்சு வைத்தாள். முப்பது வருஷமாக ஊருக்கு ரவிக்கையும் சட்டையும் தைத்தவளிடம், யாரும் இத்தனை ஒழுங்காகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதில்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பைகள் தயார். ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் சுருக்கு, முதுகில் இரண்டு நாடா. முன்விளக்குக் கிண்ணங்களில் இரண்டு, திரும்பும் விளக்குகளில் நான்கு, பின்னால் இரண்டு, மற்றவை அவையவை இருக்க வேண்டிய இடத்தில் என்று ஞாயிறு காலை கட்டி முடித்தாள். கையில் கொஞ்சம் கடலை கொடுத்து, "எங்க அக்காவப் பாக்கப் போறோம். யாரும் குதிக்கக் கூடாது, சரியா?" என்றாள். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. பிறகு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கணவரைப் பார்த்தாள். எதிர்ச்சுவரைப் பார்க்கவில்லை. அந்தப் பார்வைக்கு முன்னால் மழை வெயில் என்று பேச முடியாது. நிதானம் ஏறிச் சாவியைத் திருப்பினார். கிழட்டு எலி தும்மியது. கார் கிளம்பியது.

பக்கவாட்டிலிருந்து பின்னால் எடுக்கும்போதே சுவரில் ஒரு உரசல். கதவு நீளத்துக்குக் கீறல். நிதானம் பிரேக்கை மிதித்தார், பின்னால் இரண்டு வால்கள் சிவந்தன. வானம் இடிந்து விழவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "பட்டாச்சா? சரி, இனிமே பயமில்ல, போங்க" என்றாள் தையல்காரி. அவருக்கே ஆச்சரியம், சிரிப்பு வந்தது. தெருமுனை தாண்டியதும் பயமே விட்டுப்போனது. பாதி வழியில் தூறல் போட்டபோது வைப்பர் எலி வாலை ஆட்டி ஆட்டிக் கண்ணாடியைத் துடைத்தது. டீசல் வாடை இல்லாத காற்றில் தையல்காரி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். மனுஷர் முப்பத்தொரு வருஷமாகக் கண்ணாடியில் பயணிகளைப் பார்த்திருக்கிறார், பக்கத்தில் ஒருத்தி இத்தனை சந்தோஷமாக உட்கார்ந்து பார்த்ததில்லை. அவரும் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அடித்தார்.

நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வலது இண்டிகேட்டர் போடச் சொன்னார், வலது எலிகள் மினுக்கின. பிரேக் மிதிக்கச் சொன்னார், வால்கள் சிவந்தன. ஹாரன் கேட்டார், கேட்டுவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டார். குனிந்து நாடாக்களை இழுத்து இழுத்துச் சோதித்தார். கடைசியில் ஜன்னல் பக்கம் வந்து, "ஏன் சார், எலியெல்லாம் ஒழுங்கா பெல்ட் போட்டிருக்கு. நீங்க போடலியே?" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சாலையில் திட்டு வாங்கிய நிதானம் முகம் சிவந்து பெல்ட்டை மாட்டினார். "யார் தைச்சது? தையல் நல்லாருக்கு" என்றார் காவலர். தையல்காரி விலாசம் கொடுத்தாள்.

அக்கா வீட்டு வாசலை எட்டும்போது மணி பன்னிரண்டு. குண்டு எலி சொல்லாமலே நீளமாக ஒரு ஹாரன் அடித்தது. கைத்தடியை ஊன்றிக் கதவைத் திறந்த அக்கா, காரைப் பார்க்கவில்லை, எலியைப் பார்க்கவில்லை. "வந்துட்டியாடி" என்றாள். இருவரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். நிதானம் எலிகளின் சுருக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, ஒருபக்கமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு வருஷம் என்னத்துக்குய்யா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டார். ஏசட்டும், நாமும் தடுக்க வேண்டாம்.

மத்தியானம் முழுக்க அக்கா நாற்காலியில், தங்கை அவள் காலடியில், பேச்சு. எலிகள் தோட்டத்தில் ஒன்றையொன்று இடிக்காமல், முறையாக விளக்குப் போட்டுத் திரும்பித் திரும்பி விளையாடின. ஆறரைக்கு மின்சாரம் போனது. முன்விளக்கு எலிகள் இரண்டும் கூப்பிடாமலே உள்ளே வந்து மேஜை மேல் ஏறி உட்கார்ந்தன. அக்கா அவற்றை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, வெளிச்சத்த அவ மூஞ்சியில அடிக்கச் சொல்லுங்க" என்றாள். "நான் இன்னும் சரியாவே பாக்கல."

எலிகள் திரும்பின. தையல்காரி கையால் மறைத்துக்கொண்டு, "அய்யோ, கண்ணு கூசுதுக்கா. டிம் பண்ணச் சொல்லு" என்றாள்.

"கூசுனா கூசட்டும். கைய எடுடி."

கையை எடுத்தாள். ஏழு மணிக்கு மின்விசிறி சுற்றத் தொடங்கியது. மின்சாரம் வந்ததை மூன்று பேரும் கவனித்தார்கள். விளக்கைப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.