நேராக ஒரு வெட்டு

ஒஸ்வால்ட் குந்தியிருந்து, மரம் அறுக்கும் வாள் மேசையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குடையையும் தொப்பியையும் வைத்துக்கொண்டு மனைவி மேபல் பின்னால் நின்றாள். அன்று காலை அவர்கள் ஏறி இறங்கிய மூன்றாவது கடை அது, பஞ்சிகாவத்தையில்.

முதற்கடையில் இருந்தது காலால் மிதித்துச் சுற்றும் வாள். மலிவுதான், ஆனால் தன் முழங்கால்களுக்குச் சரிவராது என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டாவது, கோட்டைக் கடையில் கண்ணாடிக்குள் இருந்த புதுச் சீமை வாளின் விலையைக் கேட்டதும் நன்றி சொல்லி வெளியே வந்தார்கள். இது யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுப்போன சாமான். மேசைக்கு நடுவே வட்டவாள், அடியில் மோட்டர், எல்லாவற்றுக்கும் மேல் பச்சைப் பெயின்ட்.

முப்பத்துமூன்று வருடம் சுங்கக் கந்தோரில் மற்றவர்களின் பெட்டிகளைத் திறந்து பார்த்து மூடியவர் ஒஸ்வால்ட். மார்கழியோடு பென்சன் வந்தது. அதற்குப் பிறகு ஏதோ ஆங்கிலச் சஞ்சிகையைப் பார்த்து, புதிதாக மரவேலை பழகுகிறவன் வாள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை ஒரு தாள் துண்டில் எழுதிவைத்திருந்தார். வாள் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா, பலகையை அண்டித் தள்ளும் இரும்புச் சட்டம் கோணாமல் இருக்கிறதா, பல்லுக்கு மேலே மூடி உண்டா. முதலில் செய்யப்போவது நேசத்துக்கு ஒரு புத்தக அலுமாரி. நேசம் அவர்களுடைய ஒரே மகள், கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள்.

மேபலுக்கு இது பிடிக்கவில்லை. விரல் போனால் தான்தான் சோறு தீத்த வேண்டிவரும் என்று இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரை வெறுங்கையோடு வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போகத்தான் இன்று கூடவே வந்தாள்.

கடைக்காரர் தாஸிம் பொறுமையான மனிதர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் ஒரு பலகையைக் கொடுத்து, துரையே வெட்டிப் பார்க்கலாம் என்று சுவிட்சைப் போட்டார். ஒஸ்வால்ட் இரண்டு கையாலும் பலகையை மெல்லத் தள்ளினார். வாள் கூவியது. அவருடைய வெள்ளைக் கோட்டில் மரத்தூள் படிந்தது. வெட்டுண்ட துண்டை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பு நெடுகப் பார்த்தார். பிறகு அதை மேபலிடம் நீட்டினார். முகத்தில் லேசான வெட்கம் இருந்தது.

"தொட்டுப் பாரும். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"எனக்கென்ன தெரியும்? வாங்கிறதெண்டா வாங்குங்க. பதினொரு மணியாகுது."

அவர் பலகையை மேசையில் வைத்தார். புழுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் இருந்துவிட்டு எழும்புகிறேன் என்று தாஸிமிடம் சொல்லி ஒரு மரப்பெட்டியில் அமர்ந்தார். நிலத்தில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். நிமிரவில்லை.

பிறகு மேபலுக்கு நினைவிருந்தது மோட்டர் ஓடிக்கொண்டே இருந்ததுதான். அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. தாஸிம் அவரைச் சாக்கு விரித்துக் கிடத்தி, கொலரைத் தளர்த்தி, நெஞ்சைத் தேய்த்து, எதிர்க் கடைக்காரரை டொக்டரிடம் அனுப்பிய பிறகுதான் சுவிட்சை நிறுத்தினார். டொக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துத் தலையை அசைத்தார். தெருவில் கூட்டம் சேர்ந்தது. தாஸிம் கடைக்கதவைப் பாதி சாத்தினார். உள்ளே போய்த் துவைத்து மடித்த வெள்ளைச் சாரமொன்றை எடுத்துவந்து அவர்மேல் போர்த்தினார். அவரை ஏற்றிக்கொண்டு லொறி கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வரும்வரை மேபல் முன்சீட்டில் குடையை நிமிர்த்திப் பிடித்தபடி இருந்தாள். தொப்பி மடியில் கிடந்தது.

அடுத்த நாள் நான்கு மணிக்கு அடக்கம். காலையிலிருந்து ஆட்கள் வந்து அவளுடைய கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். யார் வந்தார்கள் என்று பிறகு கேட்டால் அவளால் சொல்ல முடிந்திராது. தேத்தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள். எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், புழுக்கமாக இருக்கிறதென்று சொன்னார் என்று மட்டும் சொன்னாள். நேசம் அழுது முகம் வீங்கியிருந்தாள். தாய் அழாதது அவளுக்குப் பயமாக இருந்தது.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. சவப்பெட்டிக்கார ஹெக்டரும் இன்னொருவரும் பலாமர மூடியைத் தூக்கி வைத்தார்கள். கால்மாட்டில் மூடி பொருந்தவில்லை, அரை விரல் இடைவெளி தெரிந்தது. ஆணி முடுக்கினால் இறங்கிவிடும், மேலே பூவும் வரும் என்றார் ஹெக்டர்.

மேபல் கதிரையிலிருந்து எழுந்தாள். அந்த இடைவெளியில் விரலை விட்டு நெடுகத் தடவினாள்.

"இது நேரில்ல. எடுத்துச் சீவுங்க."

"அம்மா, சுவாமியார் காத்துக்கொண்டு நிக்கிறார்," என்றாள் நேசம்.

"நிக்கட்டும்."

ஹெக்டர் சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் நிலத்தைப் பார்த்தார். மூடியை முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கதிரைகளில் அதைக் குறுக்கே வைத்து ஹெக்டர் சீவுளி போட்டார். அடக்கத்துக்கு வந்த கறுப்புக் கோட்டுக்காரர்கள் ரோட்டில் வெயிலில் நின்றார்கள். அவர்களுக்குள் நின்ற தாஸிம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து, மூடி ஆடாமல் மறுமுனையைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தின்பின் மேபலைக் கூப்பிட்டார்.

"இப்ப பாருங்க நோனா."

அவள் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண் நேசத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம்."

மறுபடி சீவினார்கள். அவள் மறுபடி பார்த்தாள். பிறகு அந்த விளிம்பில் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆறுதலாகக் கொண்டுபோனாள்.

"சரி," என்றாள்.

மாதம்பிட்டி மயானத்தில் எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்போது தாஸிம் கேற்றடியில் நின்றிருந்தார். அந்த மெசினை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகவும், நோனா எப்போது சொன்னாலும் போதுமென்றும் சொன்னார். "தொர எல்லாஞ் சரியாத்தான் பாத்தீந்தாரு," என்றார்.

மேபல் தலையாட்டினாள். சிறிது தூரம் போய்த் திரும்பி வந்தாள்.

"அவர் வெட்டின பலகை?"

"கடையிலதான் ஈக்கிது நோனா."

"இருக்கட்டும்."

வீட்டில் யாரோ நிலத்தைக் கழுவிக் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். நேசம் அடுப்பு மூட்டப் போனாள். பெட்டி இருந்த இடத்தைச் சுற்றி, சீமெந்தில், கழுவியும் போகாத மெழுகுதிரித் துளிகள் ஒட்டிக் கிடந்தன. மேபல் கால்களை மடித்து நிலத்தில் உட்கார்ந்து ஒன்றை நகத்தால் சுரண்டினாள். நாளைக்குப் பார்க்கலாம், கொஞ்சம் படுங்கள் அம்மா என்று குசினியிலிருந்து நேசம் சொன்னாள். துளி முழுதாகப் பெயர்ந்து வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு மேபல் அடுத்ததற்கு நகர்ந்தாள்.