வெறுங்கிண்ணம்

ஓநாயைப் பழக்கி நாயாக்கியது மனிதன்தான் என்று வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்பவர் பேராசிரியர். வீட்டிலோ நாய் சோபாவில் நீட்டிப் படுத்திருக்கும், அவர் தரையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார். யாராவது கேட்டால், "முதுகுக்கு நல்லது" என்று சமாளிப்பார்.

அன்று அவருடைய ஆய்வுக்கு வாழ்வா சாவா என்ற நிலை. ஆய்வகத் தலைவி நேரில் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் இன்னொரு வருடம் நடக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சோதனை என்னவோ சின்னதுதான். கவிழ்த்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் கீழ் பிஸ்கட். மனிதன் விரலை நீட்டிக் காட்டும் கிண்ணத்துக்கு நாய் போகவேண்டும். பல ஆயிரம் வருடம் நம்மோடு வாழ்ந்து நாய்க்கு வந்த புத்தி இது என்பது அவர் கட்சி.

வீட்டில் தினமும் ஒத்திகை நடந்தது. முதலில் ஒழுங்காகப் போன நாய் சமீபமாகத்தான் தடுமாறுகிறது. பாவம், களைப்பு என்று அவரே முடிவு கட்டியிருந்தார்.

"இன்னிக்கும் சொதப்பிடுச்சுன்னா?" என்றாள் ஆய்வகத்துக்கு நாயைக் கூட்டி வந்திருந்த மனைவி.

"நீ வேற, சும்மா இரு!"

விரலை நீட்டினார். நாய் விரலைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது, நேராக வெறுங்கிண்ணத்தருகே போய் உட்கார்ந்து காதைத் தொங்கப்போட்டது. மறுபடி நீட்டினார். மறுபடியும் அதே கிண்ணம், மூஞ்சி மட்டும் இன்னும் பரிதாபம்.

"ஐயோ, என் செல்லமே, பரவாயில்லடா!" தன்னை மறந்து குனிந்தார். கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் இரண்டு பிஸ்கட்டோடு வந்தது.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "சரியா போனா எத்தனை பிஸ்கட்?"

"கிண்ணத்துல இருக்கிற ஒண்ணு, மேடம்."

"தப்பா போனா?"

பேராசிரியர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நாய் அதை ஏற்கெனவே காலி செய்திருந்தது. இவ்வளவு படித்தும் இது உறைக்கவில்லையே, நம்மைவிட மண்டு உண்டா என்று அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"வீட்லயும் இப்படித்தானா?" என்று தலைவி மனைவியிடம் கேட்டார்.

"அது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா போதும் மேடம், இவரு பிஸ்கட் எடுக்க எழுந்து ஓடுவாரு."

தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஆராய்ச்சி நல்லாத்தான் நடக்குது. யாரு நடத்துறாங்கங்கிறதுலதான் குழப்பம். இன்னும் ஒரு வருஷம் நடக்கட்டும். ஆனா இனிமே குறிப்பு எழுதுறது உங்க வீட்டம்மா."

பிழைத்தோம் என்ற நிம்மதியில் பேராசிரியர் அங்கேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மனைவி பேனாவைத் திறந்தாள்.

"வயசு சொல்லுங்க."

"மூணு முடிஞ்சுது."

"நாய்க்கு இல்லீங்க, உங்களுக்கு."