வாடை இல்லாத மயக்கம்

எழுபத்து நாலில் சாராயக் கடைகளை மூடியபோது, தாம்பரத்து ஞானஜோதி டீச்சர் சர்ச்சில் முழங்காலிட்டு நன்றி சொன்னாள். கணவர் அசரியா ரயில்வே குமாஸ்தா. இனி ஆபீஸ் விட்டால் நேராக வீட்டுக்கு வருவார் என்று நம்பினாள். வரவும் செய்தார். ஆனால் நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது. வாயை முகர்ந்து பார்த்தாள், வாடையே இல்லை.

"குடிச்சீங்களா?"

"கர்த்தர் மேல சத்தியமா இல்ல, ஜோதி. கடை மூடினதுலேர்ந்து தொடவே இல்ல."

பொய் சொன்னால் அவர் கண் தாழ்ந்துவிடும். இப்போது தாழவில்லை. பக்கவாதமோ என்று பயந்துபோய், பக்கத்து வீட்டு நர்ஸ் சாவித்ரியை அழைத்து வந்தாள். சாவித்ரி அவர் இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"தூக்க மாத்திரை, அக்கா. கடை மூடினப்புறம் நம்ம காலனியிலயே நிறைய பேர் இதுக்கு மாறிட்டாங்க."

"தூக்கம் வரலைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததும்மா," என்றார் அசரியா. "மருந்து சாப்பிடறது பாவமா?"

குடியைக் கண்டிக்க ஞானஜோதியிடம் வேத வசனங்கள் இருந்தன. மாத்திரைக்கு எதைச் சொல்வது?

இந்தப் பழக்கத்துக்கு வைத்தியம் உண்டா என்று கேட்க, மறுநாள் ரயிலில் அவரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மறுக்காமல் வந்தவர், அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

"சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று எதிரே இருந்தவர் கேட்டார்.

ஆமாம் என்பதா, இல்லை என்பதா என்று தெரியாமல் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.